இடைவணிகரை விலக்கிய கரை: காலடிப்பேட்டை முதல் காசிமேடு வரை

உற்பத்தியாளரிடமிருந்து நுகர்வோருக்குப் பொருளை நேரடியாகக் கொண்டுசேர்ப்பது, நடுவில் நிற்கும் வணிகரையும் தரகரையும் விலக்கிவிடுவது, அதனால் மிச்சப்படும் தொகையை இரு தரப்பாருக்கும் பகிர்ந்தளிப்பது என்ற வாக்குறுதி, இன்று ஸ்டார்ட்அப் எனப்படும் புதுத்தொழில் நிறுவனங்கள் முதலீட்டாளர் முன் வைக்கும் திட்டவுரைகளில் ஓயாமல் ஒலித்துவருகிறது. பிட்ச் என்று வழங்கும் இத்திட்டவுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். உற்பத்தியாளர் பெறும் விலை ஒருபுறமும் கடையில் வாங்குபவர் கொடுக்கும் விலை மறுபுறமும் காட்டப்பட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட தொகை முழுவதும் வீண்செலவு என்ற முடிவு அங்கேயே எட்டப்பட்டுவிடும். கணினியும் கைப்பேசியும் வந்த பிறகே சாத்தியமான புதுமையாக இது பேசப்பட்டாலும், சென்னைக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் பழவேற்காடு வரை நீளும் கடற்கரைப் பகுதி இம்முயற்சியை முந்நூறு ஆண்டுகளாகப் பல வடிவங்களில் கண்டிருக்கிறது. அவ்வடிவங்களுள் சிலவற்றின் பலனை அங்கிருந்த கைவினைஞர் தம் வாழ்வில் அனுபவித்தும் இருக்கின்றனர். ஆகவே இவ்வகைத் திட்டமொன்றை மதிப்பிட முனைபவருக்கு இந்தக் கரையின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான சான்று எளிதில் கிடைக்காது.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ஆம் ஆண்டு தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து உரிமை பெற்று, துறைமுகமே இல்லாத ஒரு மணற்பரப்பில் கோட்டை கட்டத் துணிந்ததற்கு முதன்மையான காரணம் துணி ஆகும். பிறவிடங்களைவிட இங்கே துணி ஐந்தில் ஒரு பங்கு மலிவாகக் கிடைக்கும் என்பது, அவ்விடத்தைத் தேர்ந்த பிரான்சிஸ் டே தம் மேலதிகாரிகளுக்கு எடுத்துச்சொன்ன வாதம். எனினும் கம்பெனி அதிகாரிகளால் நெசவாளரிடம் நேரே சென்று துணி வாங்க இயலவில்லை. அவர்களுக்கு மொழி தெரியாது, நெசவூர்கள் பல காத தூரம் பரவிக்கிடந்தன, எந்தத் தறியில் எவ்வகைத் துணி நெய்யப்படும் என்ற விவரமும் அவர்கள் கையில் இல்லை. எனவே பேரி திம்மண்ணா, காசி வீரண்ணா, பின்னர் சுங்குராம செட்டி முதலியோர் தலைமை வணிகர் என்ற பொறுப்பில் அமர்த்தப்பட்டனர். தலைமை வணிகர் என்பவர், ஆண்டுதோறும் இன்ன வகைத் துணி இத்தனை கட்டு, இன்ன விலைக்கு என்று கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதன்படி சரக்கைச் சேகரித்துக் கோட்டைக் கிடங்கில் ஒப்படைப்பவர் ஆவார். காசி வீரண்ணா போன்றோர் பல வணிகரின் முதலைத் திரட்டிக் கூட்டுப்பங்கு அமைப்பாகவும் இதை நடத்தினர்.

இவ்வணிகர் செய்த வேலை யாது என்பதைச் சற்று நெருங்கி நோக்க வேண்டும். திட்டவுரைகளில் வீண்செலவாகக் கணக்கிடப்படும் தொகை எங்கே சென்றது என்பதற்கான விடை அதில்தான் அடங்கியிருக்கிறது. ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பலில் ஏற்றப்படும் துணிக்குப் பல மாதங்கள் முன்பே முன்பணம் கொடுத்தாக வேண்டும், ஏனெனில் நெசவாளர் அந்தப் பணத்தைக் கொண்டே நூல் வாங்கினர், துணி முடியும்வரை அரிசியும் வாங்கினர். பாவு ஓட்டிக் கஞ்சி போடும் பணி, அதாவது நெடுக்கு நூல்களைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவி உலர்த்தும் பணி, வெயிலும் காய்ந்த காற்றும் இருந்தால்தான் நடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அது நின்றுவிடும். அதே பருவத்தில், அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு, திறந்த கடலில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களும் புயலுக்கு அஞ்சிச் சென்னையை விட்டு விலகிவிடும். எனவே பணம் போன காலத்துக்கும் சரக்கு வந்த காலத்துக்கும் இடையே மழை, விலைவாசி, போர், பஞ்சம் ஆகிய அனைத்தும் குறுக்கிட இடமிருந்தது. அவ்விடைவெளியில் வாராக் கடனாகிப்போகும் தொகையைச் சுமந்தவர் வணிகர்.

துணி கோட்டைக்கு வந்த பிறகும் அவர் பொறுப்பு முடிந்துவிடவில்லை. கிடங்கில் ஒவ்வொரு துணியையும் விரித்து, முன்னரே வைத்திருந்த மாதிரித் துணியோடு ஒப்பிட்டு, நீளம், அகலம், இழைநெருக்கம், வெளுப்பு ஆகியவற்றைப் பார்த்துத் தரம் பிரிப்பது வழக்கம். ஒப்பந்தத் தரத்துக்குக் குறைந்த துணி விலை குறைக்கப்பட்டோ, முழுதாகத் தள்ளப்பட்டோ வணிகரிடமே திரும்பியது. அவ்வாறு தள்ளப்பட்ட துணிக்கு வேறு சந்தை தேடுவது அவர் கவலை. அந்தச் சந்தையும் அருகிலேயே இருந்தது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613 முதல் டச்சுக்காரர் கோட்டை கட்டிக்கொண்டு துணி வாங்கிவந்தனர். தெற்கே பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தரங்கம்பாடியில் டேனியரும் இருந்தனர். ஆர்மீனிய வணிகரும் உள்நாட்டு வணிகரும் எங்கும் நடமாடினர். ஒருவர் தள்ளியதை இன்னொருவர் வாங்கிய இந்நிலையே, பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் ஆகும்.

நெசவாளரைக் கோட்டைக்கு அருகிலேயே குடியேற்றிவிட்டால் சரக்கின் தரத்தை நேரில் கண்காணிக்கலாம், காலத்தில் பெறலாம் என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியாரிடம் வலுப்பெற்றது. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1708-இல் பெற்றுச் சில ஆண்டுகளில் இழந்த கம்பெனி, 1717-இல் அவற்றை மீண்டும் கைக்கொண்டது. அந்த ஆண்டு ஆளுநராகப் பொறுப்பேற்று 1720 வரை பதவியில் இருந்த ஜோசப் கோலெட், திருவொற்றியூருக்குத் தெற்கே நெசவாளரையும் துணியில் சித்திரம் எழுதுவோரையும் குடியமர்த்திப் புதிய பேட்டை ஒன்றை ஏற்படுத்தினார். ஏறத்தாழ நூறு வீடுகளும் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான மக்களும் சில கடைகளும் ஒரு கோயிலும் கொண்ட சிற்றூராக அது உருவாயிற்று. கோலெட்பேட்டை என்ற பெயர் மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை என்றாகி இன்றும் நிலைத்திருக்கிறது. அங்குள்ள கல்யாண வரதராசப் பெருமாள் கோயில், நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதரை வழிபட்ட தம் பணியாளர் ஒருவருக்காக ஆளுநரே கட்டுவித்தது என்று ஊரார் சொல்லிவருகின்றனர். அம்மரபின் உண்மை எவ்வாறாயினும், கோயிலின்றி ஊர் நிலைக்காது, ஊரின்றி நெசவாளர் தங்கமாட்டார் என்பதைக் கம்பெனியார் அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை.

இதே எண்ணத்தின் விரிவான வடிவமே 1734-இல், ஆளுநர் ஜார்ஜ் மார்டன் பிட் காலத்தில், கூவம் ஆற்றின் வளைவில் சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த சிந்தாதிரிப்பேட்டை. நூற்போர், நெய்வோர், வெளுப்போர், சாயமிடுவோர், சித்திரம் எழுதுவோர் ஆகியோரும் கோயிலைச் சார்ந்தோருமே அங்குக் குடியிருக்கலாம் என்று விதி செய்யப்பட்டது. தலைமை வணிகராயிருந்து செல்வாக்கிழந்த ஒருவரின் தோட்டத்தைக் கையகப்படுத்தி நெசவாளர் ஊரை அமைத்ததில், வணிகரின் பிடியைத் தளர்த்தும் நோக்கம் வெளிப்படையாகவே தெரிகிறது. ஆயினும் நெசவாளரைத் திரட்டி அழைத்துவந்து குடியேற்றவும், ஊரை நிலைபெறச் செய்யவும் ஆதியப்ப நாராயண செட்டி போன்ற வணிகரையே கம்பெனி நாட வேண்டியிருந்தது. வணிகரைச் சாராதிருக்கவென்று திட்டமிட்ட ஊருக்கே வணிகரின் தொடர்பும் பொறுப்பேற்பும் தேவைப்பட்டன. இன்றைய திட்டவுரைகளை வாசிப்போர் இந்நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அருகில் இருப்பதால் போக்குவரத்தும் கண்காணிப்பும் எளிதாகும், ஆனால் கடன் கொடுப்பவர் யார், இழப்பை ஏற்பவர் யார் என்ற வினாக்களை அண்மை தீர்த்துவைப்பதில்லை.

இந்த முறையில் நெசவாளர் நிலை எவ்வாறிருந்தது என்பதை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி, தென்னிந்திய நெசவாளருக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்த ஓர் உரிமையை எடுத்துக்காட்டுகிறார். முன்பணம் வாங்கிய நெசவாளர், வேறொருவர் கூடுதல் விலை தந்தால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். கொடுத்த வணிகரோ துணியைக் கேட்டு வற்புறுத்த முடியாது. தறியைத் தூக்கிக்கொண்டு வேற்றூர் சென்றுவிடுவதும் நெசவாளரிடையே வழக்கமாக இருந்தது. கடன்பட்டவரே விலகும் உரிமை பெற்றிருந்த இந்த ஏற்பாடு இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். வாங்குவோர் பலராயிருந்து நெய்வோருக்காகத் தம்முள் போட்டியிட்டதால் அது சாத்தியமாயிற்று.

அந்நிலை முப்பது ஆண்டுகளுக்குள் தலைகீழாயிற்று. 1761-இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாப், சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுப் பகுதியை ஜாகீராக, அதாவது வருவாய் உரிமையுடைய மானியமாக, கம்பெனிக்கு வழங்கினார். 1781-இல் பழவேற்காட்டு டச்சுக் கோட்டையும் கைப்பற்றப்பட்டது. துணி வாங்குபவராக வந்த நிறுவனம் இப்போது ஊரின் ஆட்சியாளரும் ஆயிற்று. வங்காளத்தில் 1753-இலேயே வணிகரை விலக்கி, குமாஸ்தா எனப்பட்ட ஊதியப் பணியாளர் வழியாக நெசவாளருக்கு நேரே முன்பணம் கொடுக்கும் முறையைத் தொடங்கியிருந்த கம்பெனி, 1760-களின் பிற்பகுதியிலிருந்து சென்னை மாகாணத்தின் நெசவுப் பகுதிகளிலும் அதைப் புகுத்தலாயிற்று. வணிகர் எடுத்துக்கொள்ளும் பங்கு நெசவாளருக்கும் கம்பெனிக்கும் மிஞ்சும் என்பதே அப்போதும் கூறப்பட்ட நியாயம்.

நடந்தது வேறு. கம்பெனியின் முன்பணத்தைப் பெற்றவர் அந்தத் துணியை முடித்துக் கொடுக்கும்வரை வேறெவருக்கும் நெய்யலாகாது என்ற விதி வந்தது. தறிகளைக் கண்காணிக்கச் சேவகர்கள் அமர்த்தப்பட்டனர். தரம் குறைந்ததெனத் தள்ளப்பட்ட துணியை விற்கப் போட்டி வணிகர் இல்லாமற்போயினர், ஆதலால் தரம் பிரிக்கும் மேசையில் சொல்லப்பட்ட விலையே இறுதி விலையாயிற்று. விலகிச்செல்லும் பழைய உரிமை ஒப்பந்த மீறலாகவும் தண்டனைக்குரிய குற்றமாகவும் கருதப்பட்டது. இடைவணிகர் நல்லவர் என்று இதனால் பெறப்படமாட்டாது. அவர்களுள் நெசவாளரைச் சுரண்டியோர் பலர். ஆயினும் அவர்கள் பலராக இருந்ததே நெசவாளருக்குக் காப்பாக அமைந்திருந்தது, அந்தக் காப்பு போனபோது அவர் ஒரே ஒரு வாடிக்கையாளரின் முன் தனித்து நின்றார். மூன்று நூற்றாண்டுக் கால வரலாற்றில் நேரடிக் கொள்முதல் மிக முழுமையாக நிறைவேறிய காலம் இதுவே. உற்பத்தியாளருக்கு மிகப் பெரிய கேடு விளைந்த காலங்களுள் ஒன்றாகவும் அதுவே அமைந்தது. பின்னர் 1813-இல் இந்திய வணிகத்தின் மீதான தனியுரிமையை இழந்து, 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வணிகத்தையே கைவிட்டுக் கம்பெனி விலகியபோது, முன்பணத்துக்கும் விற்பனைக்கும் அதனையே நம்பியிருந்த தறிகள், இயந்திரத் துணி வந்திறங்கும் வேளையில் ஆதரவின்றி நின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இதே கேள்விக்குக் கூட்டுறவு என்ற விடை முன்வைக்கப்பட்டது. சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் நுகர்வோர் பக்கத்திலிருந்தும், 1935-இல் மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமாகத் தோன்றி இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் அமைப்பு உற்பத்தியாளர் பக்கத்திலிருந்தும் இடைவெளியைக் குறைக்க முயன்றன. கோ-ஆப்டெக்ஸ் அமைப்பில் தொடக்கச் சங்கம் நெசவாளருக்கு நூலும் கூலியும் தருகிறது, தலைமைச் சங்கம் துணியைக் கொள்முதல் செய்து தன் விற்பனை நிலையங்களில் நுகர்வோருக்கு விற்கிறது. பழைய வணிகர் செய்த முன்பணம், தரம் பிரித்தல், இருப்பு வைத்தல் ஆகிய மூன்றும் இங்கே அப்படியே உள்ளன. அவை சங்கத்தின் பொறுப்பாகியிருக்கின்றன என்பதே வேறுபாடு. தீபாவளிக்கு விற்கும் துணி ஆண்டு முழுதும் நெய்யப்படுவதால் தேங்கும் இருப்பின் சுமை பெரிது. அச்சுமையைத் தள்ளுபடி மானியத்தின் வழியாக அரசு நெடுங்காலம் பகிர்ந்துகொண்டது. ஆலைத் துணி மீது தீர்வை விதித்துக் கைத்தறி, கதர்த் தொழில்களை வளர்க்க 1953-இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியதும் இப்பின்னணியில்தான். நேரடி விற்பனை தன் காலில் தானே நிற்கும் என்று கூறும் திட்டங்கள் இந்த மானிய வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

எல்லாப் பொருளுக்கும் நேரடி விற்பனை பொருந்தாது என்பதற்குத் திருவொற்றியூரின் தொழிற்சாலைகளே சான்று. ஸ்வீடன் நாட்டு நிறுவனத்தின் சார்பாக 1923-இல் தோன்றிய விம்கோவின் தீப்பெட்டி, பெட்டிக்கடைவரை பரவிய வணிகர் சங்கிலியின் வழியாகவே வீடுகளை அடைந்தது. ஒற்றைத் தீப்பெட்டியின் விலை அதைச் சுமந்துசெல்லும் செலவுக்குக் காணாது. 1955-இல் அதே ஊரில் உருவெடுத்த என்ஃபீல்டு இந்தியாவின் மோட்டார் சைக்கிளோ பழுது பார்க்கவும் உதிரிப் பாகம் தரவும் ஊருக்கொரு முகவரை வேண்டியது.

மீன் வணிகத்தில் இக்கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரை சேர்ந்ததும் நடப்பதை நோக்கினால், பதினெட்டாம் நூற்றாண்டுத் துணிக்கிடங்கின் அமைப்பு அப்படியே புலப்படும். பெரிய மீன்கள் தனித்தனியாகவும் மற்றவை கூடைக் கணக்கிலும் ஏலம் போகின்றன. சிறு மீன்கள் கூறு கட்டி, அதாவது சிறு குவியல்களாகப் பிரித்து, விற்கப்படுகின்றன. ஏலம் கூறுபவர் பல நேரங்களில் அப்படகுக்குக் கடன் கொடுத்த கமிஷன் வியாபாரியின் ஆளாகவே இருப்பார். டீசலுக்கும் ஐஸுக்கும் வலைக்கும், சில வேளைகளில் படகுக்குமே முன்பணம் தந்த அந்த வியாபாரிக்கு, பிடிபட்ட மீனை விற்றுத்தரும் உரிமையும் அதற்கான கழிவும் உரியன. கடன் தீரும்வரை படகுக்காரர் வேறொருவரிடம் மீனைக் கொண்டுசெல்ல முடியாது. இவர்களுக்கு அப்பால், கூடை சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்கும் மீனவப் பெண்கள், கடலுக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வழியாகத் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றனர். நேரடி விற்பனை என்று பேசுவோர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியவர்கள் இவர்களே. ஆயினும் திட்டவுரைகளில் இவர்கள் பெரும்பாலும் நீக்கப்பட வேண்டிய இடைநிலையாகவே கணக்கிடப்படுகின்றனர் என்பது வருந்தத்தக்கது. நெசவாளருக்கென்று எழுந்த சிந்தாதிரிப்பேட்டை இன்று நகரின் பெயர்பெற்ற மீன் சந்தைகளுள் ஒன்றாக விளங்குவதும், காசிமேட்டிலிருந்து வரும் மீன் அங்கே வணிகர் கை மாறுவதும் இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கவை.

கைப்பேசிச் செயலி வழியாகப் படகிலிருந்து வீட்டுக்கே மீன் என்று முன்மொழியும் ஒரு திட்டத்தை இந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாட்களில் படகுக்காரருக்கு வருமானம் இல்லை, படகைப் பழுது பார்க்கும் செலவோ அப்போதுதான் வரும். அச்செலவுக்குக் கடன் தருபவர் கமிஷன் வியாபாரி. எனவே செயலி நிறுவனம் ஏப்ரலில் என்ன செய்யும் என்பது, அது எத்தனை விழுக்காடு கூடுதல் விலை தரும் என்பதைவிட அடிப்படையான வினா. கடன் தராது என்றால், படகுக்காரர் பழைய வியாபாரியிடமே கட்டுண்டிருப்பார், நல்ல மீன் செயலிக்கு வராது. கடன் தரும் என்றால், நிறுவனமே புதிய கமிஷன் வியாபாரி ஆகிறது. அவ்வாறாயின் அதன் முதலீட்டுக் கணக்கில் வாராக் கடனுக்கும், விற்காமல் கெட்டுப்போகும் மீனுக்கும், புயல் நாட்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஐஸில் வைத்த மீனுக்குச் சில நாட்களே ஆயுள் என்பதால், துணி வணிகரைவிட மீன் வணிகர் சுமக்கும் இடர் கடுமையானது.

இதற்கு நடைமுறையில் தேறிய விடை ஒன்று திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைகளில் உண்டு. 1980-இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கரையில் நடக்கும் முதல் விற்பனையையே தன் கையில் எடுத்துக்கொண்டது. சங்கம் நியமித்தவர் ஏலம் கூறுவார், விற்ற தொகையில் ஒரு பங்கு சேமிப்பாகவும் கடன் தவணையாகவும் பிடிக்கப்படும், படகுக்கும் எந்திரத்துக்குமான கடனைச் சங்கமே ஏற்பாடு செய்யும். இம்முறையில் வாங்கும் வணிகர் எவரும் விலக்கப்படவில்லை. பல வணிகரும் ஏலத்தில் போட்டியிட்டனர். மாறியவர்கள், கடன் கொடுத்தவரும் ஏலம் கூறியவருமே. கடனும் கொள்முதலும் ஒரே கையில் இருப்பதைப் பிரித்ததால் மீனவருக்கு விலை பேசும் வலிமை வந்தது. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் நுகர்வோரை நேரே கண்டதால் பெற்ற புகழ் மீனவர் சங்கங்களுக்கு வாய்க்கவில்லை. ஆயினும் உற்பத்தியாளரின் நிலையை மாற்றியதில் இச்சங்கங்களின் பணி ஆழமானது.

வடசென்னையின் இவ்வரலாற்றைக் கொண்டு ஒரு நேரடி விற்பனைத் திட்டத்தை மதிப்பிடுவதாயின், விலை வேறுபாட்டைக் காட்டும் அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உற்பத்தியாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தையே முதலில் கேட்டு வாங்க வேண்டும். முன்பணத்தைத் திருப்பிச் செலுத்திவிட்டு உற்பத்தியாளர் வேறொருவரிடம் செல்ல அந்த ஒப்பந்தம் இடமளிக்கிறதா, தள்ளப்பட்ட சரக்கை அவர் பிறரிடம் விற்கலாமா, வாங்கியவர்களின் விவரம் அவர் கைக்கும் வருமா என்பவை அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வுரிமைகள் இல்லாத திட்டம், அதன் தொழில்நுட்பம் எத்துணைச் சிறந்ததாயினும், 1760-களின் குமாஸ்தா முறையே ஆகும். அதற்கு முதலீடு அளிப்பது தகாது.